பழைய டிஜிட்டல் கேமரா, புது மோகம்: ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்!

பீரோவின் மேல் தட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமராவுக்குத் திடீரென யோகம் அடித்திருக்கிறது. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா பெண் தீபாவளி விடுமுறைக்கு நாமக்கல் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"மாமா, உங்ககிட்ட பழைய டிஜிகேம் ஒண்ணு இருக்குன்னு அம்மா சொன்னாங்க. இருக்குங்களா?"

"உன் போன்லயே 50 மெகாபிக்ஸெல் இருக்கே. அந்த 4 மெகாபிக்ஸெல் டப்பா எதுக்கு?"

"போன்ல எடுத்தா எல்லாப் படமும் ஒரே மாதிரி வருது மாமா. அதுல எடுத்தாதான் அந்தக் கலர் வரும்."

அவள் மட்டுமல்ல, உலகம் முழுக்க இளைஞர்கள் 2000களில் வந்த சிறிய கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். 2010ஆம் ஆண்டில் உலகில் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. போன் வந்து விழுங்கிவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில்தான் பழைய கேமராவுக்கு இந்த மவுசு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேமரா இருக்கலாம். அதை எடுத்துப் பயன்படுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம். கூடவே நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். அதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அந்தக் கலர் எங்கிருந்து வருகிறது?

பழைய கேமராக்களில் பெரும்பாலும் சிசிடி என்ற சென்சார் இருந்தது. 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கண்டுபிடித்தது இது. இதற்காக 2009ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய போன்களில் இருப்பது சிமாஸ் சென்சார்.

"சிசிடி என்பதால்தான் அந்தக் கலர்" என்று பலர் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. எந்த சென்சாருக்கும் தானாக நிறம் தெரியாது. அது ஒளியின் அளவை மட்டுமே அளக்கும். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன வடிகட்டிகள் கட்டம் கட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் 1976ல் காப்புரிமை பெற்ற முறை இது. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு பிக்ஸெலும் ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்ஸெல்களைப் பார்த்து கேமராவுக்குள் இருக்கும் சிப் கணக்குப் போட்டு நிரப்பும்.

அந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. பழைய கேமராக்கள் நிறத்தைச் சற்றுத் தூக்கலாகவும் ஓரங்களைக் கூர்மையாகவும் செய்து கொடுத்தன. வெளிச்சம் அதிகமான இடம் வெள்ளையாக வெளுத்துப் போகும். நிழல் கறுத்துப் போகும். முகத்துக்கு நேராக பிளாஷ் அடிக்கும். இன்றைய போன் அப்படியில்லை. நீங்கள் ஒரு முறை தொட்டாலும் அது பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலையும் வெளிச்சத்தையும் சமமாக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் எல்லாப் படமும் ஒரே மாதிரி தெரிகிறது.

பழைய கேமராவை எடுக்கும் முன் பாருங்கள்

1. பேட்டரி: சாதாரண ஏஏ செல் போடும் கேமராவாக இருந்தால் கவலை இல்லை. சார்ஜ் செய்யும் தட்டை பேட்டரி என்றால் உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே கூடாது.

2. மெமரி கார்டு: எல்லாக் கேமராவும் எஸ்டி கார்டு எடுக்காது. எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் போன்றவை இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம். எஸ்டி கார்டு போடும் கேமராவிலும் 2006க்கு முந்தைய மாடல்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரைதான் ஏற்கும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

3. சென்சார்: ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் முழுக்க ஊதாவாகவோ, கோடு கோடாகவோ, கறுப்பாகவோ வந்தால் சென்சார் போய்விட்டது என்று அர்த்தம். 2002 முதல் 2004 வரை வந்த பல மாடல்களில் இந்தக் கோளாறு இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் இது அதிகம் வந்ததால், 2005ல் பல கம்பெனிகள் இலவசமாகச் சரிசெய்து தந்தன. இன்று சரிசெய்ய ஆளில்லை.

4. தேதி: பேட்டரி இல்லாமல் பல வருடம் கிடந்த கேமராவில் தேதி அழிந்து போயிருக்கும். முதல் வேலையாகத் தேதியைச் சரிசெய்யுங்கள். படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிப் தகவலில் இந்தத் தேதிதான் இருக்கும். பின்னால் படங்களைத் தேடும்போது இதுதான் கை கொடுக்கும்.

நம்மூர் வெயிலில் எப்படி எடுப்பது?

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும், பாதி சிக்கல் தீரும்.

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் களங்களைப் பார்த்திருப்பீர்கள். குச்சிக்கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் தரை முழுக்க வெள்ளை வெளேர் என்று காயும். அதை அப்படியே படம் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். இதற்கு கேமராவில் ஈவி என்று பிளஸ், மைனஸ் போட்ட ஒரு வசதி இருக்கும். அதை பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1 வையுங்கள். வெள்ளை வெள்ளையாக வரும். கோழிப் பண்ணையில் தட்டுத் தட்டாக அடுக்கிய முட்டைக்கும் இதே வைத்தியம்தான்.

நாமக்கல் லாரி பாடி பட்டறையில் புதிதாக பெயின்ட் அடித்த லாரி நிற்கிறதா? அங்கே தலைகீழ். பளீர் சிவப்பு, பளீர் மஞ்சள் எல்லாம் பழைய கேமராவில் திட்டுத் திட்டாக வழிந்துவிடும். மைனஸ் 0.3 அல்லது மைனஸ் 0.7 வையுங்கள்.

நாமக்கல் கோட்டை இருக்கும் பாறை சுமார் 65 மீட்டர் உயரமுள்ள ஒரே கல். மதியம் அங்கே ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், வெளிறிய பாறையைப் பார்த்துக் கேமரா ஏமாந்துவிடும். முகம் கறுத்துவிடும். பட்டப் பகலாக இருந்தாலும் பிளாஷை ஆன் செய்யுங்கள். கண்ணுக்குக் கீழ் விழும் நிழல் போய்விடும். முடிந்தால் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்கு மேலோ போங்கள்.

பழைய தோற்றம் கொடுப்பது எப்படி?

"கறுப்பு வெள்ளை", "செபியா", "பழைய சினிமா கலர்" என்று இன்று ஒரே தொடுதலில் தோற்றத்தை மாற்றிவிடலாம். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் நிஜமான வேலை இருந்தது. அந்த வேலையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு.

சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1956ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கொடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. கேவாகலர் என்ற பெல்ஜியம் நாட்டு பிலிமில் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தையும் 1961ல் இதே நிறுவனம்தான் எடுத்தது. ஏற்காடு சாலையில் நிற்கும் அதன் வளைவின் முன் இன்றும் பலர் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 'இந்து' பிலிம் போட்டு எடுத்த படம் பல வீட்டு ஆல்பங்களில் இன்னும் இருக்கும்.

இந்தத் தோற்றங்களைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. கிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

படத்தைத் திறந்ததும் லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். இனி எல்லா வேலையும் மேலே இருக்கும் இந்த நகல் லேயரில்தான்.

கறுப்பு வெள்ளைக்கு: கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட், அதற்குள் மோனோ மிக்ஸர் செல்லுங்கள். சிவப்பைக் கூட்டினால் முகம் வெளுக்கும், வானம் கறுக்கும்.

செபியாவுக்கு: அதே டீசாச்சுரேட் மெனுவில் செபியா இருக்கிறது.

பழைய வண்ணப் படம் போல: கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ் திறந்து, நீல சேனலைத் தேர்ந்தெடுங்கள். கோட்டின் இடது முனையைச் சற்று மேலே தூக்குங்கள். வலது முனையைச் சற்றுக் கீழே இறக்குங்கள். நிழலில் லேசாக நீலமும் வெளிச்சத்தில் லேசாக மஞ்சளும் ஏறும்.

கடைசியாக, மேல் லேயரின் ஓபாசிட்டியை 60 அல்லது 70க்குக் குறைத்துப் பாருங்கள். செய்த வேலை உறுத்தாமல் இருக்கும். முடித்ததும் சேவ் கொடுத்தால் கிம்ப் தன்னுடைய எக்ஸ்சிஎஃப் வடிவில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.

வேறு பெயரில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் செய்த தவறு

2006 பொங்கல் விடுமுறையில் அம்மா, அப்பா, அக்காவோடு நாமக்கல் கோட்டைக்குப் போனோம். கேமரா வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. படியேறி மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா சிரித்தபோது ஒரு படம் எடுத்தேன். அம்மாவுக்கு கேமரா என்றாலே முகம் விறைத்துவிடும். அந்த ஒரு படத்தில்தான் இயல்பாகச் சிரித்திருந்தார்.

அப்போது வலைப்பதிவு எழுதும் ஆர்வம் எனக்கு. டயல்-அப் இணைப்பில் பெரிய படம் ஏறாது. அன்று எடுத்த படங்களை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 640 பிக்ஸெல் அகலத்துக்குச் சுருக்கி, செபியாவும் போட்டேன். "பழைய பைல் மேலேயே எழுதவா?" என்று சாப்ட்வேர் கேட்டது. யெஸ் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் 40 ஜிபிதான், இடம் மிச்சமாகும் என்று நினைத்தேன். கார்டில் இருந்த படங்களை முன்பே அழித்திருந்தேன்.

2011ல் அம்மா தவறிவிட்டார். மாட்டி வைக்க அந்தப் படம்தான் வேண்டும் என்று அப்பா சொன்னார். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஸ்டுடியோக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பெரிசு பண்ணினா மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியும். ஒரிஜினல் இல்லீங்களா?" என்றார்.

கணக்கு எளிது. நல்ல பிரின்டுக்கு ஓர் அங்குலத்தில் 300 பிக்ஸெல் வேண்டும். கேமரா எடுத்தது 2272 x 1704 பிக்ஸெல். அதில் ஏழரை அங்குல அகலத்துக்குத் தாராளமாகப் போட்டிருக்கலாம். என்னிடம் இருந்தது 640 x 480. அதில் இரண்டு அங்குலம்தான் சரியாக வரும். பன்னிரண்டு பிக்ஸெலில் பதினொன்றை நானே தூக்கி எறிந்திருக்கிறேன்.

"கலர்ல போட்டுத் தரட்டுங்களா? என்ன கலர் புடவை?" என்று கேட்டார்.

அப்பா அரக்கு என்றார். அக்கா பச்சை என்றாள். எனக்கு நினைவில்லை.

கடைசியில் சிறிய அளவில், செபியாவிலேயே பிரின்ட் போட்டோம்.

போன நிறம் ஏன் திரும்பாது?

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. செபியா போடும்போது மூன்றும் கலந்து ஒரே வெளிச்ச அளவாகி, அதன் மேல் பழுப்பு பூசப்படுகிறது. வழக்கமான கணக்குப்படி சிவப்பு 200 மட்டும் உள்ள புள்ளியும், பச்சை 102 மட்டும் உள்ள புள்ளியும் 60 என்ற ஒரே எண்ணாக மாறிவிடும். 60ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது அரக்கா, பச்சையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் செபியா போட்டதன் பயன் இதற்கு நேர் எதிரானது. பிரின்டில் இருக்கும் வெள்ளியை சில்வர் சல்பைடாக மாற்றுவார்கள். அது காற்றுபட்டு எளிதில் கெடாது. படம் நீண்ட காலம் நிற்கும். நிலைக்க வைத்த ஒன்றின் பெயரைச் சொல்லி நான் படத்தை அழித்தேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் சின்னப் படத்தைப் பெரிதாக்குகின்றன, நிறமும் ஏற்றுகின்றன. அதையும் செய்து பார்த்தேன். புடவை நீலமாக வந்தது. முகத்தில் சுருக்கமே இல்லை. அம்மா மாதிரி இருந்தார், ஆனால் அம்மா இல்லை. எத்தனையோ படங்களைப் பார்த்துப் பழகிய ஊகம்தான் அது. உங்கள் வீட்டுப் புடவையின் நிறம் அதற்குத் தெரியாது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கார்டில் தேடினோம்

அக்கா பெண் கேமராவைக் கேட்டு வந்தபோதுதான், அதற்குள் பழைய கார்டு அப்படியே இருப்பதைப் பார்த்தேன். அவளிடம் கதையைச் சொன்னதும், "ரெக்கவரி போட்டுப் பாத்தீங்களா மாமா?" என்றாள்.

கார்டில் ஒரு படத்தை அழித்தால் படம் உடனே போய்விடுவதில்லை. "இந்த இடம் காலி" என்று குறிப்பு மட்டும்தான் மாறும். புதுப் படம் வந்து அதே இடத்தில் எழுதும் வரை பழையது அங்கேயே இருக்கும். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர் இதைத் தேடி எடுக்கும். மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலில், படம் அழிந்தது தெரிந்தவுடன் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, கேமராவோடு இணைக்காமல் கார்டு ரீடரில் போடுங்கள்.

மூன்றாவது, கிடைக்கும் பைல்களைக் கம்ப்யூட்டரில் வேறு போல்டரில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

எங்கள் கார்டில் 2009 வரை படம் எடுத்திருந்தோம். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பின்னால் எடுத்தவை. பைல் பெயர்கள் எல்லாம் வெறும் எண்களாக இருந்தன. எக்ஸிப் தேதியைப் பார்த்துப் பிரித்தோம். 2006 பொங்கல் அன்று எடுத்தவை மூன்றுதான் தேறின. ஒன்றில் குளம். ஒன்று பாதிக்கு மேல் சாம்பல். மூன்றாவதில் அக்கா படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் அம்மாவின் தோளும் முந்தானையும் மட்டும்.

பச்சைப் புடவை, அரக்கு பார்டர். அப்பாவும் சரி, அக்காவும் சரி.

அந்தச் சிரிப்புப் படம் கிடைக்கவில்லை.

இன்றே தொடங்க வேண்டிய பழக்கங்கள்

1. ஒரிஜினலுக்குத் தனி போல்டர்: கார்டிலிருந்து வந்ததும் "ஒரிஜினல்" என்று ஒரு போல்டர், அதற்குள் ஆண்டு, மாதம். உள்ளே சென்று கண்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ரீட்-ஒன்லி. இனி தவறி சேவ் கொடுத்தாலும் பெரும்பாலான சாப்ட்வேர்கள் மறுத்துவிடும்.

2. எடிட் செய்வது நகலில் மட்டும்: ஜேபெக் படத்தை எடிட் செய்து மீண்டும் மீண்டும் சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். போனிலும் சேவ் காபி என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

3. மூன்று பிரதிகள்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. பழைய சிடிகளை நம்பாதீர்கள். கோடை வெயிலில் பரணில் கிடக்கும் சிடி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. படிக்க முடிகிறபோதே எடுத்து வையுங்கள்.

4. இணையத்தை மட்டுமே நம்பாதீர்கள்: ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30ல் மூடப்பட்டது. பிகாசாவை கூகுள் 2016ல் நிறுத்தியது. கூகுள் போட்டோஸில் வரம்பில்லா இலவச இடம் 2021 ஜூன் முதல் இல்லை. இலவசம் என்றைக்கு வேண்டுமானாலும் மாறும்.

5. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது: சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் போகும். கல்யாண, காதுகுத்துப் படங்களை டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

6. பிரின்ட் போடுங்கள்: வருடத்துக்குப் பத்துப் படமாவது போதும். பின்பக்கம் பென்சிலால் ஊர், தேதி, ஆட்களின் பெயர் எழுதுங்கள். இதற்கு பாஸ்வேர்டு வேண்டாம்.

அக்கா பெண் கேமராவை எடுத்துக்கொண்டு சேலம் போய்விட்டாள். போகும் முன் தேதியைச் சரிசெய்து கொடுத்தேன். போன வாரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் முன் தோழிகளோடு எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். பழைய சினிமா கலர் ஏற்றியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இடத்துல இருக்கு மாமா" என்று பதில் வந்தது.